வராத புகார்

ஆர்த்தத்ராண பெஹெராவின் மனைவிக்கு முதன்முதலாகப் பொறாமை வந்தது ஒரு நீலச் சட்டையால்.

அவன் கட்டக் நகரத்தில், மகாநதிப் படகுத்துறை வாரியத்தில் இளநிலை உதவியாளன். ஆற்றுக்குக் குறுக்கே பாலங்கள் வராத காலத்தில் அந்த வாரியத்தின் முத்திரை இல்லாமல் ஒரு படகும் நீரில் இறங்காது. பாலங்கள் வந்தன, படகுகள் போயின, வாரியம் மட்டும் இருந்தது. மிஞ்சிய படகுகளைவிட அங்கே நாற்காலிகள் அதிகம். வேலை வற்றிய அலுவலகத்தில் குழுக்கள் ஊறும் என்பது இயற்கை. வாரியத்தில் மரம் நடு குழு, மொழி வளர்ப்புக் குழு, குழுக்களை ஒருங்கிணைக்கும் குழு எல்லாம் இருந்தன.

அன்று சாயங்காலம் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி முனகியது. சுலக்ஷணா எடுத்துப் பார்த்தாள். அனுப்பியவர் பெயர் டி.டி. என்று இருந்தது. 'நீலம் உனக்கு எடுப்பாக இருக்கிறது. நாளைக்கும் அதையே போட்டு வா.' அதற்கு மேலே பழைய செய்திகள் வரிசையாக நின்றன. 'யாரோடு டீ குடிக்கப் போனாய்? நான் பார்த்தேன்.' 'ஏன் இன்று என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை?'

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"யாரு இந்த டி.டி.?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸ்லன்னா? தீபாலியா, தனுஜாவா?"

"டெபுடி டைரக்டர். ஸ்வாயின் சார்."

"அந்தப் பெரிய மீசைக்காரரா?"

"ஆமா."

சுலக்ஷணா சிரித்துவிட்டாள். வயிற்றில் கட்டியிருந்த கல் அவிழ்ந்து விழுந்தது போன்ற சிரிப்பு. "ஐயோ, நான் என்னென்னமோ நெனச்சு எனக்குச் சோறே எறங்கல. எவளோ ஒருத்தி உங்க சட்டைக்குக் கணக்கு வெச்சிருக்கான்னு" என்று சொல்லிக்கொண்டே மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் போட்டாள்.

அவன் சாப்பிடவில்லை. அவள் சிரிப்பு மெதுவாக நின்றது.

"அது சரி, அவரு எதுக்கு உங்க சட்டையைப் பாக்குறாரு?"

அவன் சொன்னான். கோப்பைக் காட்டும் சாக்கில் மேஜைக்கடியில் தொடைமேல் வரும் கையைச் சொன்னான். அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்வதைச் சொன்னான். ஆய்வுப் பயணத்தில் விருந்தினர் விடுதியில் அறைகள் காலியாக இருந்தும் ஒரே அறை போதும் என்று அவர் பதிவேட்டில் எழுதியதையும், தான் நாற்காலியிலேயே உட்கார்ந்து விடிய வைத்ததையும் சொன்னான். பணி நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஸ்வாயின்தான் என்பதைச் சொல்லும்போது குரல் தரையைப் பார்த்து இறங்கியது.

இதுவரை இல்லாத ஒரு பெண்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த சுலக்ஷணாவுக்கு, அந்தப் பொறாமையைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"உங்க ஆபீஸ்ல தொந்தரவுப் புகாருக்குன்னு ஒரு குழு இருக்கே. போன வாரம் விழா வெச்சு லட்டு குடுத்தாங்களே."

"அது பொம்பளைங்களுக்கு."

"தொந்தரவு யாருக்கு வந்தாலும் தொந்தரவுதானே. போய்க் கேளுங்க."

ஆர்த்தத்ராணன் என்றால் துயருற்றோரைக் காப்பவன். அலுவலகத்தில் பெயரின் பின்பாதியை வெட்டிவிட்டு ஆர்த்த பாபு என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிப் பார்த்தால் துயருற்றவன் மட்டும் மிச்சம். மறுநாள் அந்த மிச்சம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குழுவின் அறைக்குப் போயிற்று.

அறை குளிர்ச்சியாக இருந்தது. சுவரில் ஒரு பெரிய சுவரொட்டி. சம்பல்பூர்ச் சேலை கட்டிய ஒரு பெண் நெஞ்சை நிமிர்த்தி, உள்ளங்கையை முன்னால் நீட்டி நின்றாள். கீழே 'உங்களுக்குத் துணை உண்டு' என்று எழுத்து. ஆர்த்தன் அவளையே பார்த்தான். அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது, குழு இருந்தது, அறை இருந்தது, அறைக்குத் திரைச்சீலைகூட இருந்தது. ஒரு சுவரொட்டியின் மேல் தனக்குப் பொறாமை வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

குழுத்தலைவி திருமதி ஹேமப்ரபா ஸத்பதி, வாரியத்தின் நிர்வாக மேலாளர். அவருக்கும் ஒரு பொறாமை இருந்தது. ஆண்டுதோறும் துறை ஒரு வெள்ளிக் கேடயம் கொடுக்கும், புகாரே வராத பணியிடத்துக்கு. தொடர்ந்து அது பூரிக் கோட்டத்துக்கே போய்க்கொண்டிருந்தது. பூரிக் குழுத்தலைவி சைரிந்திரி மிஸ்ரா, ஹேமப்ரபாவோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர். பூரிக் கோட்டத்தில் சைரிந்திரியைத் தவிரப் பெண் ஊழியரே கிடையாது. அவரும் தன்மேல் தானே புகார் எழுதும் பழக்கம் இல்லாதவர். "பெண்களே இல்லாம ஜெயிக்கிறது ஒரு ஜெயமா?" என்று ஹேமப்ரபா அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, தன் அறையில் கேடயத்துக்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்த காலிக் கண்ணாடிப் பேழையைப் பார்ப்பார்.

"பாதிக்கப்பட்ட பெண்ணை உள்ள வரச் சொல்லுங்க" என்றார் ஹேமப்ரபா.

"நான்தான் மேடம்."

அவர் எட்டி அவனுக்குப் பின்னால் பார்த்தார். "வெளிய நிக்கறாங்களா? கூச்சப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

"வெளிய யாரும் இல்ல மேடம். எனக்குத்தான் நடந்தது."

பக்கத்தில் இருந்த சட்ட அலுவலர் பனாம்பர் ரௌத் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சட்டம் ரொம்பத் தெளிவு. 'பாதிக்கப்பட்ட பெண்'னு இருக்கு. 'பாதிக்கப்பட்ட'ங்கற வரைக்கும் நீங்க அழகாப் பொருந்தறீங்க. அடுத்த வார்த்தையிலதான் தகராறு."

"வேற எந்தச் சட்டத்துக்குப் போறது சார்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். உங்க சம்சாரம் இங்க வேலை பாக்குறாங்களா? அவங்க மனசு நொந்ததா எழுதலாம்."

"அவ வீட்ல இருக்கா சார்."

"அடடா" என்றார் பனாம்பர் உண்மையான வருத்தத்தோடு.

ஹேமப்ரபா மேஜைமேல் சாய்ந்தார். "பாருங்க ஆர்த்த பாபு. நான் இந்த நாற்காலியில உக்காந்த நாள்லேருந்து ஒரு பெண்கூட இந்த அறையை விட்டு அழுதுக்கிட்டுப் போனதில்ல. ஏன்னா ஒருத்தியும் உள்ள வந்ததே இல்ல. அவ்வளவு நம்பிக்கை எங்க மேல. அப்படியிருக்க, ஒரு ஆம்பளை வந்து இதைக் கெடுக்கலாமா?"

"அப்ப என் புகாரை நிராகரிக்கிறீங்களா மேடம்?"

"சேச்சே. நிராகரிச்சா அது வந்த புகாராயிடும். அறிக்கையில எண்ணிக்கை ஏறும். நாங்க ஏத்துக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல. இது வராத புகார்." அவன் கொடுத்த காகிதத்தை அவர் பூப்போல மடித்து அவன் பையிலேயே வைத்தார். "நீங்களும் வரல. சரியா? லட்டு மிச்சம் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க."

அங்கிருந்து அவன் ஊழியர் சங்கத்துக்குப் போனான். செயலாளர் நட்வர் தாஸ் தஹிபராவும் உருளைக்கிழங்கு ஆலுதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தயிரில் ஊறிய வடையைக் கரண்டியால் பிய்த்தபடி முழுவதையும் கேட்டார்.

"ஆம்பளைதானே நீ. மூஞ்சியில ஒண்ணு விட வேண்டியதுதானே?"

"விட்டா சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும். பண்ணினா நேரா இங்க வா. சங்கம் உன் பின்னாடி நிக்கும். கொடி, கோஷம் எல்லாம் தயாரா இருக்கு. இப்ப நீ சஸ்பெண்ட் ஆகல, அடியும் படல. உன்னை வெச்சு நாங்க எதுக்குப் போராடறது?"

விசாரணையின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வராத புகாருக்கும் அதைக் குழு கண்ணும் கருத்துமாகப் பின்பற்றியது. இது ரகசியம் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்கள். வாரம் முடிவதற்குள் வாரியம் முழுக்க ரகசியம் காத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆர்த்தனுக்கு விளங்கவில்லை. யாராவது பரிதாபப்படுவார்கள், அல்லது கேலி செய்வார்கள் என்று நினைத்திருந்தான். அவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

"உனக்கென்னப்பா" என்றான் பக்கத்து மேஜைப் பூர்ணானந்த மல்லிக். பதவி உயர்வுக்காக ஸ்வாயின் அறை வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து ஒரு பக்கம் திரும்பிப்போனவன். "பெரியவர் கை தோள்மேல இருக்கு. நான் எத்தனை வருஷமா குட்மார்னிங் சொல்றேன், மனுஷன் ஒரு தடவை தலையாட்டினதில்ல. உள்ள உனக்கு என்ன டீ குடுக்கறாரு, ஏலக்காய் போட்டதா?"

"பூர்ண பாய், நான் சொல்றது புரியுதா உனக்கு? அந்த ரூமுக்குள்ள போகவே எனக்குக் கை நடுங்குது."

"நடுங்காதா பின்ன? என்னைக் கூப்பிட்டிருந்தா சந்தோஷத்துல காலும் நடுங்கியிருக்கும்."

மறுநாள் பூர்ணானந்தன் நீலச் சட்டையில் வந்தான். அடுத்த நாள் பதிவுப் பிரிவில் இருவர். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு முழுவதும் ஆகாயம்போல் இருந்தது. கடைத்தெருவில் துணிக்கடைக்காரர் வாரியத்துக்குப் புதுச் சீருடை வந்துவிட்டதா என்று விசாரித்தார். ஆர்த்தன் ஒருவன் மட்டும் வெள்ளையில் உட்கார்ந்திருந்தான். 'ஏன் என்மேல் கோபம்?' என்று டி.டி. செய்தி அனுப்பினார்.

கடைசியில் ஸ்வாயின் பூர்ணானந்தனைக் கூப்பிட்டார். அவன் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆர்த்தனை ஒரு வெற்றிப் பார்வை பார்த்துவிட்டுப் போனான். கதவு சாத்தப்பட்டது. பிறகு பௌத் பக்கம் ஆய்வுப் பயணத்துக்கும் அவனையே கூட்டிப்போனார். திரும்பி வந்தவன் பழுப்புச் சட்டை போட்டிருந்தான். டீ குடிக்க வரவில்லை. நாற்காலியை நகர்த்தி முதுகு சுவரில் படும்படி போட்டுக்கொண்டான். ஏலக்காய் பற்றி ஆர்த்தன் கேட்கவில்லை. கேட்டுப் பழிவாங்கும் ஆசை ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. பூர்ணானந்தனின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

ஆர்த்தனுடைய பொறாமை மட்டும் போகவில்லை. அது இப்போது ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. கீதாராணி ஜேனா என்று ஒருத்தி முன்பு அனுப்புகைப் பிரிவில் இருந்தாள், இதே ஸ்வாயின்மேல் முன்பு புகார் கொடுத்தவள் என்று யாரோ சொன்னார்கள். கொடுத்தவள். அவளால் கொடுக்க முடிந்தது. அவளுடைய காகிதத்தை யாரும் பையில் திருப்பிச் செருகியிருக்க மாட்டார்கள். அதை நினைக்க நினைக்க அவனுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து, அவள் இப்போது வேலை பார்க்கும் தெந்துளிகாட் படகுத்துறைக்குப் போனான்.

அங்கே வாரியத்தின் பழைய கிடங்கு. உடைந்த துடுப்புகள், கந்தலான மிதவைகள், நடுவில் ஒரு மேஜை. நாற்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி ஆற்றைப் பார்க்க உட்கார்ந்திருந்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் ஒரு கிழட்டுப் படகோட்டி பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

வந்த காரணத்தை அவன் சுற்றி வளைத்துச் சொன்னான். அவள் நேராகக் கேட்டாள்.

"என்மேல பொறாமையா இருக்கா உங்களுக்கு?"

"உங்களுக்காகச் சட்டம் இருக்கு அக்கா. எனக்கு ஒரு வரிகூட இல்ல."

"உக்காருங்க. பொறாமைப்பட என்ன இருக்குன்னு காட்டறேன்." அவள் கிடங்கைச் சுற்றிக் கையைக் காட்டினாள். "இது என்னோட பாதுகாப்பு. அவர் இருக்கிற கட்டடத்துல நான் இருந்தா ஆபத்துன்னு என்னை இங்க அனுப்பினாங்க. அவரை அனுப்பல. அவருக்கு அங்க ஏசி இருக்கு."

"விசாரிக்கலையா?"

"அதுக்கு முன்னாடி சமரசம்னு ஒண்ணு இருக்கு. நான் கேட்டாத்தான் பண்ணணும்னு சட்டம். நான் கேட்டதா அவங்களே எழுதிக்கிட்டாங்க. ஸ்வாயின் ஒரு சேனாபோடா இனிப்பு வாங்கிட்டு வந்தாரு. நல்ல ஓவன்ல வெச்சது. 'இவ என் பொண்ணு மாதிரி'ன்னாரு. குழு அதைத் துண்டு போட்டுச் சாப்பிட்டுது. எனக்கும் ஒரு துண்டு வெச்சாங்க. சாப்பிட்டுட்டு, சமரசம் ஆயிட்டதால புகாரே வரலைன்னு அறிக்கை போட்டாங்க."

"வராத புகார்" என்றான் ஆர்த்தன்.

"ஓ, உங்களுக்கும் அதே பேர்தானா?" முதல்முறையாக அவள் சிரித்தாள். "இதுல இன்னொரு வேடிக்கை. மாசம் ஒரு தடவை அவர் இங்க ஆய்வுக்கு வர்றாரு. உடைஞ்ச துடுப்பை ஆய்வு பண்ண. போன வாரம்கூட வந்து கையைப் புடிச்சாரு. அதுக்குத்தான் கதவைச் சாத்தறதில்ல. தாத்தாவை வாசல்ல உக்கார வெச்சிருக்கேன்."

எதிரே ஆறு கிடந்தது. படகு எதுவும் போகவில்லை.

"ஒரு விஷயத்துல எனக்கும் உங்கமேல பொறாமைதான்" என்றாள் கீதாராணி. "ஏன் சிரிச்சே, ஏன் அந்தச் சேலை கட்டினேன்னு உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"கேக்கல. ஏன் அடிக்கலைன்னு கேட்டாங்க."

"அதை என்னை ஒருத்தரும் கேக்கல."

அவன் திரும்பி வரும்போது பொறாமை பாதியாகக் குறைந்திருந்தது. வீட்டில் அது காத்திருந்தது.

"படகுத்துறைக்குப் போனீங்களாமே" என்றாள் சுலக்ஷணா, நீரில் ஊறிய பகாலச் சோற்றைப் பிழிந்து வைத்தபடி. "அந்தம்மா பாக்க எப்படி இருப்பாங்க?"

"நல்லவங்க."

"நான் கேட்டது அது இல்ல."

இதற்கிடையில் பூரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. சைரிந்திரி மிஸ்ரா தம் கோட்டத்தில் எல்லாப் பாலினத்தவருக்கும் பாதுகாப்பு என்று ஒரு கொள்கையை அறிவித்துவிட்டார். பத்திரிகையில் அரைப் பக்கம் படம். துறைச் செயலாளர் பாராட்டுக் கடிதம். இனிமேல் கேடயம், புகார் இல்லாத இடத்துக்கு அல்ல, எல்லோரையும் அரவணைக்கும் இடத்துக்குத்தான் என்று பேச்சு.

ஹேமப்ரபா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. காலிப் பேழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மணியை அடித்து ஆர்த்தனைக் கூப்பிட்டார்.

"எங்க போயிட்டீங்க இவ்வளவு நாளா? ஒரு புகார் வெச்சிருந்தீங்களே, பத்திரமா இருக்கா?"

"இருக்கு மேடம்."

"குடுங்க, குடுங்க. அங்க சைரிந்திரி கொள்கை மட்டும்தான் போட்டிருக்கா. அவகிட்ட ஆள் இல்ல. பாதிக்கப்பட்ட ஆம்பளை ஒருத்தர்கூட பூரியில கிடையாது. விசாரிச்சுட்டேன்." அவர் குரலில் தாய்மை பொங்கியது. "நம்மகிட்ட நீங்க இருக்கீங்க."

ஆர்த்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆள் மாறிவிட்டாரோ என்றுகூட நினைத்தான்.

"வர்ற வெள்ளிக்கிழமை தொடக்க விழா. குத்துவிளக்கு, குடும்பத்தோட எல்லாரும். உங்களுக்கு மேடையில உத்தரீயம் போர்த்தி மரியாதை. குழுவுல ஆண்கள் பிரதிநிதியா ஒருத்தரைச் சேக்கறோம். அவர்தான் விளக்கேத்தறாரு. ஸ்வாயின் சார்."

"மேடம், புகாரே அவர்மேலதான்."

"தெரியும்."

"பின்ன எப்படி மேடம்?"

"ஆம்பளைங்கள்ல அவரைப் பத்தித்தான் எங்களுக்கு நிறையத் தெரியும். அதுவும் இல்லாம, குத்தம் சொல்றவரும் குத்தம் சொல்லப்பட்டவரும் ஒரே மேடையில இருந்தா, அதைவிட அரவணைப்பு என்ன வேணும்? சைரிந்திரியால இதைக் கனவுலகூட பண்ண முடியாது."

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வெளிக் கிடங்குகளின் ஊழியர்களையும் கூட்டம் சேர்ப்பதற்காகப் பஸ் வைத்து அழைத்திருந்தார்கள். கீதாராணி கடைசி வரிசையில் இருந்தாள். சுலக்ஷணா வந்ததும் அவள் யாரென்று விசாரித்து, பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முதலில் பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு ஏதோ பேசினார்கள். பிறகு சுலக்ஷணா தன் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவளுக்கு நீட்டினாள்.

மேடையில் ஸ்வாயின் பேசினார். அடர்ந்த மீசை, பட்டு ஜிப்பா, கனிந்த குரல்.

"சட்டம் பெண்களை மட்டும் பாக்குது. ஆண்களைப் பாக்கறதில்ல. அது எனக்கு எப்பவும் வேதனை. நான் ரெண்டு பேரையும் பாக்கறவன். இந்த வாரியத்துல யாரையும் நான் பாகுபாடு பாத்ததில்ல. ஆணோ பெண்ணோ, என் அறைக்கதவு எல்லாருக்கும் ஒண்ணுதான். உள்ள வந்தவங்க எல்லாருக்கும் தெரியும்."

கைதட்டலைத் தொடங்கி வைப்பதற்கென்று முன்வரிசையில் ஒருவரை நியமித்திருந்தார்கள். அவர் தொடங்கினார். மண்டபம் தொடர்ந்தது.

அடுத்து, வாரியத்தின் முதல் பாதிக்கப்பட்ட ஆண் என்று அறிவித்து ஆர்த்தனை மேடையேற்றினார்கள். ஹேமப்ரபா உத்தரீயம் போர்த்தினார். ஸ்வாயின் அவன் தோளில் கைபோட்டு இழுத்துப் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார். யாரோ ஒலிவாங்கியை நீட்டி, நன்றியாக ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

அவன் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தான். தோளில் விரல்கள் மெல்ல அழுந்தின, மேஜைக்கடியில் அழுந்துவது போலவே.

"இந்தக் கை" என்றான். "இப்ப என் தோள்மேல இருக்கே, இந்தக் கையைப் பத்தித்தான் நான் புகார் குடுத்தேன். இன்னும் எடுக்கல."

கைதட்டும் பொறுப்பாளர் அவன் நிறுத்தியதைக் கேட்டார், சொன்னதைக் கேட்கவில்லை. தட்டினார். மண்டபமும் தட்டியது. பிறகு ஒவ்வொரு வரிசையாகச் சத்தம் அவிந்துகொண்டே போயிற்று.

"பையன் உணர்ச்சிவசப்பட்டுட்டான்" என்று ஸ்வாயின் சிரித்தார். கை இடம் மாறவில்லை. "எல்லாரும் என் பிள்ளைங்கதானே."

கடைசி வரிசையில் கீதாராணி எழுந்தாள். "என்னையும் பொண்ணு மாதிரின்னுதான் சொன்னீங்க. போன வாரம் கிடங்குல என் கையைப் புடிச்சப்பவும் அதையேதான் சொன்னீங்க."

நடு வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பூர்ணானந்தன் எழுந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"உக்காருப்பா, போட்டோ மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒருவர் அவன் சட்டையை இழுத்தார். அவன் உட்காரவில்லை.

ஸ்வாயின் அவனைப் பார்த்தார். அப்போதுதான் கை தோளை விட்டு இறங்கியது. குத்துவிளக்குத் திரி எண்ணெயில் ஊறியபடியே இருந்தது. அதை ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மேடையில் நடந்ததெல்லாம் பத்திரிகையில் படத்தோடு வந்தது. சைரிந்திரி மிஸ்ரா தொலைபேசியில் ஹேமப்ரபாவுக்கு ஆறுதல் சொன்னார். "மனசைத் தளர விடாதே ஹேமா. எல்லாராலயும் எல்லாம் முடியுமா?" என்றார். அந்த ஆறுதல் ஹேமப்ரபாவுக்குள் மிளகாயாக இறங்கியது. பூரியில் கொள்கை உண்டு, கேடயம் உண்டு, ஆனால் விசாரணை என்ற ஒன்று நடந்ததே இல்லை என்பது அவருக்கு அப்போது நினைவு வந்தது. நீதிக்குப் பல வாசல்கள். வாரியத்தில் அது பொறாமை வாசல் வழியாக வந்தது. ஸ்வாயின் அன்றே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஹேமப்ரபா அசுர வேகத்தில் விசாரித்தார்.

யாருடைய புகாரை என்பதில் பனாம்பர் ரௌத் மறுபடியும் தெளிவாக இருந்தார். "விளக்கு ஏத்தாததால தொடக்க விழா முடிவடையல. விழா முடியாததால கொள்கை அமலுக்கு வரல. அதனால ஆம்பளைங்க புகார் இன்னமும் வராத புகார்தான். அந்தம்மா பெண். போன வாரம்னு வேற சொல்லியிருக்காங்க, கெடுவுக்குள்ள இருக்கு. அதை எடுத்துக்கலாம். நீங்க ரெண்டு பேரும் சாட்சியா வாங்க."

வந்தார்கள். ஆர்த்தன் நடந்ததையெல்லாம் சொன்னான். பூர்ணானந்தன் தண்ணீர் கேட்டான், குடித்தான், மறுபடி கேட்டான். கடைசியில் அவனும் சொன்னான். சொல்லி முடித்து வெளியே வந்து, படிக்கட்டில் ஆர்த்தனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் உன்னைக் கேட்டேனே, என்ன டீன்னு" என்றான்.

"விடு பூர்ண பாய்."

"இல்ல. கேட்டேனே."

படிக்கட்டில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

அறிக்கை வந்த அன்று குழு மூவரையும் கூப்பிட்டது. குற்றம் நிரூபணம். ஸ்வாயினுக்குக் கட்டாய ஓய்வு. கீதாராணி தலைமை அலுவலகத்துக்கே திரும்பலாம். ஹேமப்ரபா ஒவ்வொரு வாக்கியத்தையும் பூரிக்குக் கேட்கும்படி வாசித்தார்.

ஆர்த்தன் கடைசிவரை காத்திருந்துவிட்டுக் கேட்டான். "மேடம், எனக்கு என்ன ஆச்சுன்னு இதுல எங்க வருது?"

"உங்களுக்கு ஆனதாலதானே இது நிரூபணமே ஆச்சு. நாலாம் பக்கம் பாருங்க, முதல் சாட்சின்னு போட்டிருக்கோம்."

"அது சரி மேடம். அவங்களுக்கு நடந்ததுக்கு நான் சாட்சி. எனக்கு நடந்ததுக்கு?"

ஹேமப்ரபா நல்ல மனதோடுதான் தேடினார். முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டினார். பனாம்பரும் எட்டிப் பார்த்து உதவினார். பூர்ணானந்தன் சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வராது" என்றார் பனாம்பர் முடிவாக. "வர வழியில்ல. நீங்க கையெழுத்துப் போடுங்கம்மா, பிரதி பெற்றுக்கொண்டேன்னு."

கீதாராணி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி, எழுதத் தொடங்கினாள். 'இதே ஆள் இதே காரியத்தை ஆர்த்தத்ராண பெஹெராவுக்கும்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பூர்ணானந்தனைப் பார்த்தாள்.

"உங்க பேரையும் போடட்டுமா?"

அவன் தலையசைத்தான்.

"என்ன பண்றீங்க நீங்க?" என்றார் ஹேமப்ரபா. "அதுக்குச் சட்டத்துல எடமில்ல."

"காகிதத்துல இருக்கு மேடம்" என்றாள் கீதாராணி. ஓரத்தில் இடம் போதாமல் தாளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, பூர்ணானந்த மல்லிக் என்று முழுப் பெயரையும் எழுதினாள்.